பன்னிரண்டும் பச்சை

காலை பதினொரு மணிக்கும் சர்வர் அறை குளிர்ந்து கிடக்கிறது. மின்விசிறிகள் ஓயாமல் இரைகின்றன. விடியற்காலையில் அழிந்துபோன மருத்துவமனையின் வர்ச்சுவல் மெஷின்களை, அதாவது ஒரே சர்வருக்குள் தனித்தனியாக ஓடும் மென்பொருள் கணினிகளை, ஞாயிறன்று எடுத்துவைத்த பேக்கப் கோப்பிலிருந்து அக்கா மீட்டுக்கொண்டிருக்கிறாள். அக்கா என்றால், பக்கத்து நாற்காலியில் இருக்கும் பையனுக்கு மேலதிகாரி. திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறத்தில் முளைத்து, சற்று யோசித்துவிட்டுப் பச்சையாகின்றன. அவன் பேனா மூடியைக் கடிக்கிறான், எடுக்கிறான், மறுபடி கடிக்கிறான். "கால ஆட்டாதடா, மேஜையே ஆடுது. பத்து வந்தாச்சு," என்கிறாள். பதினொன்று. பன்னிரண்டு. "அப்பாடா, பன்னண்டும் பச்ச! வயித்துல பால வார்த்த மாதிரி இருக்கு," என்று கண்ணை மூடிச் சாய்கிறாள். அவன் பல்லுக்கிடையில் மூடி பிளக்கிறது. பதின்மூன்றாவது ஒன்று உண்டு. ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்காரர் கெஞ்சினார் என்று, அக்காவிடம் மூச்சுவிடாமல், செவ்வாயன்று அவனே உருவாக்கியது. பேக்கப்பை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டது. மேஜைத் தொலைபேசி அடிக்கிறது. அதன் சின்னத் திரையில் 'பரிசோதனைக் கூடம்' என்ற எழுத்துகள் மினுங்குகின்றன. அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "நீயே எடுடா. எல்லாம் வந்துடுச்சுன்னு தைரியமா சொல்லு."