அவருக்கு ஏற்ற வெளிச்சம்

“வெளிச்சம் ரொம்பக் கடுமையா இருக்கும்மா. அவர் இப்படி இருக்க மாட்டார்.”

கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்த்துவிட்டு கூட வந்திருந்த பெண் சொன்னாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். ஐம்பதை ஒட்டிய வயது. சட்டை தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது.

ஸ்டுடியோ போட்டோகிராபர் படத்தை எட்டிப் பார்த்தாள். உண்மைதான். ஃப்ளாஷ் நேராக அடித்ததில் நெற்றி எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. மூக்கின் நிழல் கன்னத்தில் கோடு கிழித்திருந்தது.

“சரிக்கா, மாத்திப் பாப்போம்.”

வெள்ளைக் குடை ஒன்றை விரித்து, ஃப்ளாஷை அதற்குள் திருப்பி வைத்தாள். இந்த முறை வெளிச்சம் குடையில் பட்டுத் திரும்பி, முகத்தில் பரவி விழுந்தது.

“இப்பப் பாருங்க.”

“பரவாயில்லை. ஆனா அவர் இவ்வளவு முறைப்பா பாக்க மாட்டார்.”

வந்ததிலிருந்தே இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வெளியறையில்கூட நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள். போட்டோகிராபருக்கு இது புதிதல்ல. எத்தனையோ தம்பதிகள் வரும் வழியிலேயே முட்டிக்கொண்டு, உம்மென்று வந்து உட்காருவார்கள்.

“என்ன சார், சண்டை போட்டுட்டு வந்தீங்களா?” என்று சிரித்தபடி கேட்டாள்.

“பழைய சண்டைம்மா. அப்பாவோட காரை யாரைக் கேட்டு வித்தேன்னு ஆரம்பிச்சது. நான்தான் பேச்சை நிறுத்தினேன்.”

“ஒரு காருக்கா? நீங்களே இறங்கி வந்திருக்கலாமே சார்.”

“வரலாம்னுதான் இருந்தேன்,” என்றார் அவர், தரையைப் பார்த்து.

அந்தப் பெண் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

போட்டோகிராபர் குடையை மடக்கிவிட்டு, முன்புறம் வெள்ளைத் துணி போர்த்திய பெரிய சாஃப்ட்பாக்ஸை உருட்டி வந்தாள். ஃப்ளாஷை அதில் பொருத்தி, அவர் முகத்துக்கு ஒரு கை தூரத்தில் நிறுத்தினாள்.

“இவ்வளவு கிட்டயா? கண்ணு கூசாதா?”

“பவரைக் குறைச்சிட்டேன் சார். தள்ளி வெச்சாத்தான் நிழல் வெட்டும். கிட்ட வந்தா தானா இளகிடும்.”

மறுகன்னத்துப் பக்கம் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வைத்தாள். எடுத்துப் பார்த்தால், சுருக்கங்கள் இருந்தன, ஆனால் உறுத்தவில்லை. தாடை மட்டும் பூட்டுப் போட்டதுபோல் இறுகிக் கிடந்தது.

“வெளிச்சத்தை நான் இளக்கிட்டேன் சார். தாடையை நீங்கதான் இளக்கணும்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். பல் டாக்டரிடம் வாயைக் காட்டுவதுபோல்தான் வந்தது.

அந்தப் பெண் எழுந்து வந்து விளக்கின் ஓரமாக நின்றாள். முதன்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“உங்க மேல கோபம் இருந்ததே இல்லை,” என்றாள் மெதுவாக. “ஒருநாளும்.”

அவர் தாடை தளர்ந்தது. கண்ணோரம் சுருங்கி, உதடு ஒரு பக்கமாக லேசாக ஏறியது. போட்டோகிராபர் அந்த நொடியைத் தவறவிடவில்லை.

திரையில் தெரிந்த முகத்தை அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தாள். “இதுதான் அவர்,” என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்த திருப்தி போட்டோகிராபருக்கு.

“ஒருவழியா சமாதானம் ஆயாச்சு. பெரிசா ஃப்ரேம் போட்டுடலாம் சார். கீழே உங்க பேர் வேணுமா?”

“என் பேர் இல்லம்மா, எங்க அண்ணன் பேரைப் போடுங்க,” என்றார் அவர். “ரெட்டையாப் பொறந்தோம். கேமராவைக் கண்டாலே ஓடிடுவான். போன வாரம் போய்ச் சேர்ந்துட்டான், வீட்டுல மாட்ட ஒரு படம்கூட இல்லைன்னு அண்ணி கூப்பிட்டாங்க. அவன் கூப்பிட்டப்பல்லாம் போகாதவன், இப்ப வந்துட்டேன்.”