மூன்று சதவீதம்

“அப்ளிகேஷன் போடவே பயப்படறானுங்க சார். சான்ஸ் எவ்வளவுன்னு பாருங்க” என்று தம்பி வாசிமைக் காட்டி, ஒரு தாளை நீட்டினாள் ஜுவைரியா.

பிசினஸ் ஸ்கூல்களில் சேர வழிகாட்டும் ஆலோசகர் சிவராசு கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

“பேரே எழுதலீங்களே? பரவால்ல, மார்க்கை வெச்சே ஜாதகம் சொல்லிருவேன். பிளஸ் டூ எழுபத்தொண்ணு பர்சன்ட். வேலை, பனியன் கம்பெனி. ம்ஹூம்... மூணு சதவீதம். நம்ம ஸ்பெஷல் கோச்சிங்ல சேந்தா எழுபதாக்கிரலாம்.”

வாசிம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்கா அவன் காலை மிதித்தாள்.

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார்.”

“இருபது வருச அனுபவம் அம்மிணி. இந்த மார்க்குக்கு எந்தப் பெரிய காலேஜும் கதவைத் திறக்காது.”

ஜுவைரியா கைப்பையிலிருந்து ஒரு பெரிய காலேஜின் அட்மிஷன் கடிதத்தை எடுத்து வைத்தாள்.

“போன வாரமே திறந்துட்டாங்க சார். அந்தத் தாள்ல இருக்கறது என்னோட மார்க்.”

சிவராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கம்பெனியில நான் குவாலிட்டி பாக்கறேங்க. புது லேப் சரியாச் சொல்லுதான்னு பாக்க மொதல்ல, ரிசல்ட் தெரிஞ்ச துணியைத்தான் அனுப்புவோம். இவன் தாள் பையிலயே இருக்குதுங்க.”

வெளியே வந்ததும் வாசிம் கேட்டான்: “அப்ப எனக்கு எத்தனை சதவீதம்க்கா?”

“என்னைவிடப் பதினோரு பர்சன்ட் கூட வாங்கியிருக்கே. அப்ளிகேஷன் போட்டுப் பாத்தாத் தெரியுது. வண்டியை எடு!”