பானை பிடித்த கை

பால்காரி படம் எழுத ஓவியர் தேர்ந்தெடுத்தது பூங்காவனத்தை. ஓவியர் தெருவில் பத்து வருஷமாகப் பால் ஊற்றும் அவளுடைய மூத்த ஓரகத்தி மங்காத்தாளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தினமும் மஞ்சள் பூசிக் குளித்து, கூறைப்புடவை உடுத்தி அவர் வீட்டுக்குப் பால் கொண்டுபோனாள். அவர் பாலை மட்டுமே பார்த்தார். ஆறாம் நாள், "கொஞ்சம் நில்லும்மா" என்றார். தலையில் பானையும் அதைப் பிடித்த கையுமாக உச்சிவெயில் வரை அசையாமல் நின்றாள். பானையில் பால் திரிந்தே போயிற்று. கடைசியில் எட்டிப் பார்த்தாள். படத்தில் பூங்காவனத்தின் முகம் சிரித்தது.

"முகம் அன்னிக்கே முடிஞ்சுபோச்சு. கைதான் சரியா வரல, அதுக்குத்தான் உன்னை நிக்க வெச்சேன்" என்றார் ஓவியர்.

மங்காத்தாள் வெளியே வந்தாள். படம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஓடிவந்த பூங்காவனம் அவளைத் தாண்டி உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் முகம் சுண்டியிருந்தது.

"அந்தக் கை என்னுது இல்லக்கா. அவ்ளோ அழகா ஒரு கை இந்தத் தெருவுல யாருக்கு இருக்கு?"

மங்காத்தாள் தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"யாரு கண்டா?" என்றாள்.