கெளுத்தி கொடுத்த அடையாளம்

வெள்ளம் வடிந்ததும் ஊரே தெருவில் இறங்கி மீன் பொறுக்கியது. நாட்டு மீன்கள் ஆற்றுக்கு, அவற்றைத் தின்று தீர்க்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தி குழிக்கு. பிரித்துப் போடுபவள் தமயந்தி.

அவள் முன்னாலிருந்த வாளிக்குள் ஒரு நாட்டுக் கெளுத்தி நடுங்கியது. "வாளியண்ணே, எனக்கும் மீசை இருக்கே! அந்தத் தடியன்னு நெனச்சுக் குழியில போட்டுட்டா?"

"உன் முதுகு முள்ளு எங்க? அந்தத் தடியனுக்கு அது கெடையாதே!" என்றது வாளி.

"நம்மளக் காப்பாத்த வந்தவங்களைக் குத்தலாமா? மரியாதையா மடக்கி வச்சிருக்கேன்."

"அட மக்கு, விரிடா!"

தமயந்தியின் கை உள்ளே வந்தது. மீசையைப் பார்த்ததும், "இதுவும் அந்தச் சனியன்தான்" என்று குழிப் பக்கம் திரும்பினாள். கெளுத்தி மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரே குத்து.

"ஐயோ அம்மா!" தமயந்தி துள்ளிக் குதித்தாள். விரலைச் சப்பியபடியே சிரித்தாள். "ஏய், ஓடி வாங்க! சின்ன வயசுலேர்ந்து நான் வாங்குற அதே குத்து! இது நம்ம புள்ள!"

தெருவே கைதட்ட, கெளுத்தி பறந்துபோய் ஆற்றில் விழுந்தது. விழுந்த சந்தோஷத்தில், வழியில் பார்த்த சொந்தக்காரர்களை எல்லாம் ஆசை ஆசையாகக் குத்திக்கொண்டே போனது.