பெரிய டீச்சருக்க பேச்சு

எங்கள் பள்ளியின் புதிய தலைமை ஆசிரியை தேபலீனா கொல்கத்தாக்காரர். அவர் வங்க மொழியில் பேசுவார்; கழுத்திலுள்ள சிறு பொத்தான் அதை எங்கள் குமரி மாவட்டத் தமிழாக்கி அவர் குரலிலேயே சொல்லும்.

“வா மக்ளே, பிள்ளைக்க காய்ச்சல் மாறிச்சா?” என்று அது கேட்டதும் தாய்மார்கள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். நம்ம பேச்சு பேசும் தலைமை இப்போதுதான் வாய்த்தது என்பார்கள்.

குரல்தான் அவருடையது; அது என்னுடைய பேச்சு. ஏழு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பொத்தானுக்காக நாற்பது மணி நேரம் பேசிப் பதிவுசெய்து கொடுத்தவள் நான். அதே பேச்சு தலைமைப் பதவிக்குப் பொருந்தாது என்று நேர்காணலில் சொன்னார்கள். அன்றிலிருந்து பள்ளியில் அச்சுத் தமிழ்தான் பேசுகிறேன். ஆனாலும் துணைத் தலைமை ஆசிரியையாகவே நின்றுவிட்டேன்.

அவர் “மக்ளே” என்னும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். என் அம்மா என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். கேட்டபோது கொடுத்தவள் நானே என்பதால் யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

இன்று தேபலீனா விடுப்பு. அந்தத் தாய்மார்களில் ஒருத்தியான ஜெபகனி தன் மகளோடு என் அறைக்குள் வந்தாள். எனக்குள் ஏதோ துள்ளியது.

“வா மக்ளே, இரி. பிள்ளைக்க காய்ச்சல் மாறிச்சா?” என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “சுகிர்தா டீச்சரே, நீங்களும் பெரிய டீச்சரப் போல பேசப் படிச்சிட்டியளே. ஆனா அவியளுக்க அந்த ராகம் வரல்ல.”

“அமருங்கள்” என்றேன்.