ஒன்பதாவது கண்

கண்நோயை அடையாளம் காணக் கணினிக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தோம். நோயுள்ள கண்களின் படங்களை மருத்துவமனை கொடுத்துவிட்டது. நோயில்லாதவை போதவில்லை. அதனால் மாணவர்கள் பன்னிரண்டு பேரும் பேராசிரியர் ஞானதுரையும் எங்கள் வலது விழித்திரையைப் படமெடுத்துக் கொடுத்தோம். விதிப்படி பெயர்களை அழித்து, வரிசையைக் கலைத்து, எண் மட்டும் போட்டு ‘நல்ல கண்கள்’ என்ற கோப்புறையில் சேர்த்தது நான்தான். மூன்று வாரமாகக் கணினி ஒன்பதாம் எண்ணை மட்டும் நோய் என்றது. எத்தனை முறை புதிதாகக் கற்பித்தாலும், அந்தப் படத்தின் ஓரத்தில் எறும்புத் தலையளவு இருக்கும் சிவப்புப் புள்ளியைச் சுற்றிக் கட்டம் போட்டது. “யாரோடதுன்னு தெரியாதா வினோதா?” என்று கூடப் படிக்கும் மெஹர் என்னைக் கேட்டாள். “அழிச்சுட்டேன்டி. சத்தியமா எங்கயும் எழுதி வைக்கல” என்றேன். பேராசிரியர் திரையருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார். “லென்ஸ்ல தூசும்மா. அந்தப் படத்தைத் தூக்கிடு.” லென்ஸில் தூசு என்றால் பதின்மூன்று படங்களிலும் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் தூக்கினேன். துல்லியம் நூறு சதவீதம் வந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் பன்னிரண்டு பேரும் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, தூரத்தில் வரும் பேருந்தின் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தோம். பேராசிரியர் தினமும் காரில் போகிறவர். அன்று எங்களுக்குப் பின்னால் வந்து நின்று, “என்ன நம்பர் வருது?” என்று கேட்டார்.