பக்கத்து மாவட்டத்து மருந்து

கரும்புக்காட்டில் புருஷன் மாயவனைக் கடித்த பாம்பை அடித்து, எல்லாரும் செய்வதுபோல டாக்டருக்குக் காட்ட உரச்சாக்கில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள் செங்கமலம். அரசு ஆஸ்பத்திரி மருந்தறைக்கு வெளியே பெஞ்சில் கிடந்த மாயவனுக்கு இமைகள் சரிந்துகொண்டிருந்தன. டாக்டர் எழுதிக்கொடுத்த விஷமுறிவு மருந்து, மருந்தாளுநரின் முதுகுக்குப் பின்னால், ஃபிரிட்ஜின் கண்ணாடிக் கதவுக்குள் வரிசையாக நின்றது.

"அது பக்கத்து மாவட்டத்து மருந்தும்மா. முன்ன மாதிரி இல்ல, இப்ப அந்தந்த மாவட்டம் அவங்கவங்களே வாங்கிக்கணும். அவங்க ஃபிரிட்ஜ் ரிப்பேருன்னு இங்க வச்சிருக்காங்க. தொட்டா நான்தான் பதில் சொல்லணும். நம்மளுது இன்னும் வரல."

"எப்ப வரும்?"

"கேட்டு எழுதியிருக்கோம்."

செங்கமலத்துக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. சாக்கின் முடிச்சை அவிழ்த்து அவர் மேசைமேல் கவிழ்த்தாள். செத்துவிட்டதென்று அவள் நம்பியிருந்த பாம்பு வாலை மெல்லச் சுருட்டியது. நாற்காலி சாய, அவர் துள்ளி எழுந்து ஃபிரிட்ஜோடு ஒட்டிக்கொண்டார்.

"இது எந்த மாவட்டத்துப் பாம்புன்னு நீங்களே கேட்டுக்குங்க சார்" என்றாள்.

அவர் கண் பாம்பை விட்டு நகரவில்லை. கை மட்டும் பின்னால் போய், ஃபிரிட்ஜின் கைப்பிடியைத் தடவித் தேடியது.